வாரியோ வாய் திறப்பதில்லை

1995-இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய்க்கு வந்த 'மரியோஸ் பிக்ராஸ்' என்ற புதிர் விளையாட்டில் ஒரு தப்புக்கு விலை இரண்டு நிமிடம். கையில் 30 நிமிடத்தைக் கொடுத்து உட்காரவைப்பார்கள். உடைக்கக் கூடாத கட்டத்தில் உளியை வைத்தால் கடிகாரத்திலிருந்து இரண்டு நிமிடம் போய்விடும். அடுத்த தப்புக்கு நான்கு. மூன்றாவதுக்கு எட்டு. அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் எட்டெட்டாகப் பிடிப்பார்கள். கூட்டிப் பாருங்கள்: இரண்டும் நான்கும் ஆறு, எட்டு சேர்ந்தால் பதினான்கு, இன்னொரு எட்டு இருபத்திரண்டு, ஐந்தாவது தப்போடு கணக்கு சரியாக முப்பதில் வந்து நிற்கிறது. யோசிக்க ஒரு நொடிகூட எடுக்காதவருக்கும் ஐந்தாவது தப்போடு ஆட்டம் முடிந்தது.

இந்தக் கணக்கைப் போட்டவர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கேதான் இந்த விளையாட்டில் பாதியை எனக்குக் கெடுத்தும் வைத்திருக்கிறது. ஏன் என்று சொல்ல, முதலில் புதிரையே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்மூர்ப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்து காலங்காலமாக வருகிறது, சுடோக்குவும் வந்து நிலைத்துவிட்டது. இந்தக் கட்டப்படப் புதிர் மட்டும் ஏனோ நான் பார்த்தவரை இங்கே பெரிதாக ஒட்டவில்லை. பிக்ராஸ் என்பது நிண்டெண்டோ வைத்துக்கொண்ட பெயர். உலகத்தில் பொதுவாக நோனோகிராம் என்பார்கள்.

ஒரு தாளை எடுத்து ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிடைவரிசைக்கும் இடப்பக்கத்தில் எண் இருக்கும், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தலைமேல் எண் இருக்கும். அந்த வரிசையில் சேர்ந்தாற்போல் எத்தனை கட்டங்கள் கருப்பு என்பதுதான் அந்த எண். '1 1' என்றால் ஒரு கருப்பு, நடுவில் குறைந்தது ஒரு வெற்றுக் கட்டம், அப்புறம் இன்னொரு கருப்பு. அவ்வளவுதான் விதி. இப்போது கிடைவரிசைகளுக்கு மேலிருந்து கீழாக '1 1', 5, 5, 3, 1 என்று எழுதுங்கள். நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாக 2, 4, 4, 4, 2.

ஐந்து கட்டத்தில் ஐந்து என்றால் யோசனைக்கே வேலையில்லை, இரண்டாவது மூன்றாவது வரிசைகளை முழுசாகக் கருப்பாக்கிவிடலாம். உடனே முதல் நெடுவரிசையைப் பாருங்கள். அதற்குத் தேவை இரண்டு, இரண்டும் வந்துவிட்டது; அதில் மீதமுள்ள கட்டங்களில் பெருக்கல் குறி போட்டு மூடிவிடலாம். கடைசி நெடுவரிசைக்கும் அதே கதை. இனி நான்காவது கிடைவரிசையில் இரண்டு ஓரமும் அடைபட்டு நடுவில் மூன்றே கட்டம்தான் பாக்கி. தேவையும் மூன்று. மேல் வரிசையிலும் நடுவில் மூன்று கட்டம், ஆனால் வேண்டியது '1 1'. அப்படியென்றால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் காலி. நடு நெடுவரிசைக்கு நான்கு வேண்டும், மேலே காலியாகிவிட்டதால் கீழே வரைக்கும் இறங்கியாக வேண்டும். முடிந்தது. இதய வடிவம் ஒன்று தாளில் உட்கார்ந்திருக்கும்.

இதில் எந்த இடத்திலும் ஊகம் இல்லை. 'இருக்கலாம்' என்று நினைத்து எந்தக் கட்டத்தையும் கருப்பாக்கவில்லை, 'வேறு வழியே இல்லை' என்று தெரிந்துதான் கருப்பாக்கினோம். இந்தப் புதிரின் சுவை எனக்கு அதில்தான். படம் வருவது உபரி.

இதன் பூர்வீகம் கேம் பாய்க்கு முந்தியது. 1987-இல் டோக்கியோவில் நடந்த ஒரு போட்டியில், உயரமான கட்டடத்தின் சன்னல் விளக்குகளில் எதை எரியவிடுவது, எதை அணைப்பது என்று திட்டம் போட்டு, இரவில் கட்டடத்தையே படமாக்கும் யோசனையைக் கொடுத்துப் பரிசு வாங்கினார் நோன் இஷிதா. அதையே தாளில் புதிராக மாற்றினார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் தெத்சுயா நிஷியோ என்கிற தொழில்முறைப் புதிர்க்காரர் தன்பாட்டுக்கு இதே புதிரைக் கண்டுபிடித்திருக்கிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் டால்கெட்டி என்பவர் கண்ணில் இஷிதாவின் புதிர் பட்டு, அவர் வழியாக 1990-லிருந்து சண்டே டெலிகிராப் பத்திரிகையில் வாராவாரம் வர ஆரம்பித்தது. நோனோகிராம் என்ற பெயரில் முன்னால் இருப்பது இஷிதாவின் பெயர்தான்.

தாளில் இதைப் போடுகிறவருக்கு ஒரு தனி வேதனை உண்டு. தப்பு செய்தால் அந்த இடத்தில் தெரியாது. இருபது கட்டம் தள்ளி, வேறெங்கோ ஒரு நெடுவரிசையில் மூன்று வரவேண்டிய இடத்தில் இரண்டுக்குத்தான் இடமிருக்கிறது என்று தெரியவரும்போதுதான் எங்கோ கோளாறு என்று உறைக்கும். எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரப்பரை எடுத்து எதை அழிப்பது என்றே தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். முக்கால்வாசி பேர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த வாரப் புதிருக்குப் போயிருப்பார்கள்.

கேம் பாயில் இதைக் கொண்டுவந்தவர்கள் இந்த வேதனையைத்தான் முதலில் தீர்க்க நினைத்திருக்க வேண்டும். செய்தவர்கள் இரண்டு நிறுவனத்தார்: கியோத்தோவிலிருக்கும் ஜூபிடர், அப்புறம் ஏப். ஏப் என்பது 'மதர்' விளையாட்டுகளைத் தந்த ஷிகேசாதோ இதோயியின் நிறுவனம். வெளியிட்டது நிண்டெண்டோ. ஜப்பானில் 1995 மார்ச்சில் வந்தது, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அதே ஆண்டில் போனது. எளியது, காளான், நட்சத்திரம், நேரப் பந்தயம் என்று நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் 64, மொத்தம் 256 புதிர்கள். மரியோ இதில் தொல்லியல் ஆள். தலையில் ஆராய்ச்சிக்காரரின் தொப்பி, கையில் உளியும் சுத்தியலும். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் வீடியோ கேம் என்றால் டிவியில் மாட்டுகிற, நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த போலிப் பெட்டிதான். அதில் இந்த மனிதர் ஓடுவார், குதிப்பார், ஆமையை மிதிப்பார். அவரே ஒரு மூலையில் உட்கார்ந்து நாம் யோசிக்கும்வரை சும்மா காத்திருப்பதைப் பார்க்க முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் இதை விளையாடியது வெகுகாலம் கழித்து, ஒரு நண்பர் கொடுத்த பழைய கேம் பாய் பாக்கெட்டில். திரையில் பின்விளக்கு கிடையாது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் கட்டம் தெரியும். கேம் பாய்த் திரை அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி. இதற்குள் 15க்கு 15 கட்டங்களும் வேண்டும், இடப்பக்கமும் மேலேயும் எண்களுக்கு இடமும் வேண்டும். 15 கட்டம் உள்ள வரிசையில் ஒன்று விட்டு ஒன்று கருப்பு என்று வந்தால் எட்டு எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியாக வேண்டும். அந்தச் சின்னத் திரையில் இதற்குமேல் பெரிய கட்டத்தைப் படிக்கும்படி போட முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். 1996-இல் ஜப்பானில் மட்டும் வந்த 'பிக்ராஸ் 2'-வில் படத்தை 30க்கு 30 ஆக்கிப் பார்த்தார்கள், ஆனால் அதையும் நான்கு 15க்கு 15 துண்டாக வெட்டித்தான் கொடுத்தார்கள்.

ஏ பட்டன் உளி, கட்டத்தை உடைத்தால் அது கருப்பு; பி பட்டன் பெருக்கல் குறி. பட்டனை அழுத்திப் பிடித்தபடி நகர்ந்தால் வரிசையாகக் கட்டங்கள் விழும். அந்தச் சின்ன 'டக் டக் டக்' சத்தத்துக்காகவே பத்து, பன்னிரண்டு என்று பெரிய எண் உள்ள வரிசைகளை எனக்குப் பிடிக்கும்.

15 கட்டத்தில் 10 என்று ஒரு எண் வந்தால் முழுசாகத் தெரியாவிட்டாலும் பாதி தெரிந்துவிடும். இடது ஓரத்தோடு ஒட்டி வைத்தால் ஒன்று முதல் பத்து வரை. வலது ஓரத்தோடு ஒட்டி வைத்தால் ஆறு முதல் பதினைந்து வரை. எப்படி நகர்த்தினாலும் ஆறு முதல் பத்து வரையுள்ள ஐந்து கட்டங்கள் கருப்பாகத்தான் இருந்தாக வேண்டும். '5 4 3' என்று வந்தால் இன்னும் நல்லது. ஐந்து, ஒரு இடைவெளி, நான்கு, ஒரு இடைவெளி, மூன்று: மொத்தம் 14. பதினைந்தில் ஆட்டத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் தளர்ச்சி. ஒவ்வொரு துண்டிலும் ஒன்றைக் கழித்துவிட்டு மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு உடைக்கலாம். ஒன்பது கட்டம் ஒரே மூச்சில். எண்ணைப் பார்த்ததும் கூட்டிப் பார்க்க விரலே பழகிவிடும். புதிதாக ஒரு புதிரைத் திறந்ததும் நான் படத்தைப் பற்றி நினைப்பதேயில்லை, எந்த வரிசையில் தளர்ச்சி குறைவு என்று மட்டும்தான் கண் மேயும்.

ஆரம்பமும் முடிவும் இப்படி ஓடிவிடும். சிக்கல் நடுவில்தான். எளிதான வரிசைகள் எல்லாம் முடிந்திருக்கும். மீதி வரிசைகளில் '2 1 2', '1 3 1' என்று நொறுங்கிய எண்கள். ஒரு கட்டத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கோ ஒரு வரிசையில் தீர்மானிக்கக்கூடிய கட்டம் ஒன்று இருக்கும், ஆனால் முப்பது வரிசைகளையும் ஒருமுறை சுற்றி வந்தும் அது கண்ணில் படாது. கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் ஆள் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் விளையாட்டு எப்படிப்பட்டது என்பது தீர்மானமாகிறது.

என் மச்சினன் என்ன செய்வான் என்று சொல்கிறேன். இப்படி மாட்டிக்கொண்டால் யோசிக்கவே மாட்டான். ஏதோ ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து உளியை வைப்பான். கருப்பாக இருந்தால் லாபம். இல்லையென்றால் இரண்டு நிமிடம் போகும், ஆனால் அங்கே கருப்பு இல்லை என்பது உறுதியாகத் தெரிந்துவிடும். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா, நல்லா பாத்துட்டு வெச்சா என்ன?"

"ரெண்டு நிமிஷம்தானே மாமா. நான் தேடினா அஞ்சு நிமிஷம் ஆகும்."

"அது அபராதம்டா."

"அபராதம்னு ஏன் நெனைக்கிறீங்க? நோ பார்க்கிங்ல வண்டிய விட்டுட்டு, ஃபைன் கட்டிட்டு எடுத்துட்டுப் போறவங்க இல்லையா? அவங்களுக்கு அது பார்க்கிங் கட்டணம்."

அவன் வாதத்தில் ஓட்டை கிடையாது, அதுதான் எரிச்சல். கணக்காகவே பார்ப்போம். ஒரு கட்டம் கருப்பாக இருக்கப் பாதி வாய்ப்பு என்றால், அதில் உளி வைப்பதற்குச் சராசரிச் செலவு ஒரே நிமிடம். பதிலுக்குக் கிடைப்பது சந்தேகமே இல்லாத உண்மை. இரண்டாவது தப்போடு சேர்த்தும் போவது ஆறு நிமிடம்தான். பழகிய கைக்கு 30 நிமிடத்தில் ஆறு போனால் ஒன்றும் குறையாது. மூன்றாவதில்தான் விலை உறைக்கும், நான்காவதுக்குப் பிறகு கையில் எட்டு நிமிடத்துக்குமேல் இருக்காது. ஆக, ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு சலுகை விலைக் கேள்விகள் உண்டு. எந்தக் கட்டத்தைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம், இயந்திரம் பொய் சொல்லாது. இத்தனைக்கும் பெருக்கல் குறி போட்டால் அது எதையும் சரிபார்ப்பதில்லை. உளிக்கு மட்டும்தான் பதில் வரும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர் எந்தக் கட்டத்தைக் கேட்டால் அதிகம் திறக்கும் என்று பார்த்துக் கேட்பார். அதுவும் ஒரு திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வேறு விளையாட்டு.

தாளில் இதே இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு வேறு வழி உண்டு. 'இந்தக் கட்டம் கருப்பு என்றே வைத்துக்கொள்வோம்' என்று மனசுக்குள் ஆரம்பித்து, அப்படியானால் இந்த நெடுவரிசையில் இது இங்கே வரும், அப்படியானால் அந்தக் கிடைவரிசையில் அது நகரும் என்று பின்தொடர்ந்து, எங்கேயாவது முட்டுகிறதா என்று பார்ப்பது. முட்டினால் முதல் அனுமானம் பொய், அங்கே பெருக்கல் குறி. நான்கைந்து படி தலைக்குள்ளேயே போய்த் திரும்பி வரவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இதைச் செய்து முடிக்கும்போது வருகிற திருப்தி, சுலபமான வரிசைகளை டக் டக்கென்று உடைப்பதில் வராது. மரியோ பக்கத்திலிருந்து 'தப்பு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது இதையெல்லாம் யார் செய்வார்கள்? அனுமானத்தைப் பின்தொடர வேண்டிய தேவையே போய்விடுகிறது. உளியை வைத்தால் விடை.

சரி, அபராதத்துக்குப் பரிந்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டுக்கு இரண்டு கட்டம் போட்டு நான்கு எண்களுக்கும் 1 என்று எழுதுங்கள். இப்படிக் குறுக்காகவும் இரண்டு கருப்பு போடலாம், அப்படிக் குறுக்காகவும் போடலாம். இரண்டுமே சரி. இந்த மாதிரி ஒரு மூலை புதிரில் ஒளிந்திருந்தால், விதிப்படி சரியாக யோசித்தவரையும் இயந்திரம் 'தப்பு' என்று சொல்லி இரண்டு நிமிடம் பிடுங்கிவிடும். அதனால் அபராதம் வைக்கிற விளையாட்டில் ஒவ்வொரு புதிருக்கும் ஒரே ஒரு விடைதான் என்பதைச் செய்தவர்கள் உறுதிப்படுத்தியே ஆகவேண்டும். இது லேசான காரியமில்லை. 1996-இல் உவேதா, நாகாவோ என்ற இரு ஆய்வாளர்கள் நோனோகிராம் பொதுவாக எவ்வளவு கடினம் என்று ஆராய்ந்து, கணினி அறிவியலில் என்.பி-முழுமை என்கிற கடினமான வகையில் அது சேரும் என்று நிறுவினார்கள். ஒரு விடை கையில் இருந்தால்கூட, இன்னொரு விடை உண்டா என்று கண்டுபிடிப்பதும் அதே அளவு கடினம்தான். 15க்கு 15-க்கு இதெல்லாம் பயமுறுத்தாது, சரிபார்த்துவிடலாம். ஆனாலும் ஜூபிடர்காரர்கள் அந்த ஒழுங்கைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு அபராதமும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். அவர்கள் புதிர்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தே முடித்துவிடலாம். கண்ணில் படவில்லை என்பது நம் குறை.

கேம் பாயிலேயே அபராதமில்லாத ஒரு பிரிவு இருக்கிறது: நேரப் பந்தயம். பெயரைப் பார்த்தால் இன்னும் கெடுபிடியாகத் தோன்றும், உண்மையில் தலைகீழ். நேரம் ஏறுமுகமாக ஓடும், வரம்பு இல்லை; தப்பு செய்தால் இயந்திரம் மூச்சு விடாது. அறுபத்துநான்கில் எது வரும் என்றும் தெரியாது. மற்ற மூன்று பிரிவுகளை விளையாடிவிட்டு இதற்குள் வந்தபோதுதான், இதுவரை கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடியே ஏறிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது.

இந்த யோசனையைப் பாதி விளையாட்டுக்கு விரித்தது அதே 1995 செப்டம்பரில், டிவியில் மாட்டுகிற சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த 'மரியோஸ் சூப்பர் பிக்ராஸ்'. அதில் மரியோ பக்கம், அவருடைய எதிராளியான வாரியோவின் பக்கம் என்று இரண்டு உண்டு. மரியோவிடம் போனால் பழைய கதைதான்: 30 நிமிடம், தப்புக்கு அபராதம். வாரியோவிடம் நேர வரம்பும் இல்லை, அபராதமும் இல்லை, ஒரு உதவியும் இல்லை. தப்பான கட்டத்தை உடைத்தால் அது பாட்டுக்கு உடையும். அந்த ஆள் பேசாமல் நிற்பார். எல்லாக் கட்டமும் சரியாக வந்தால் புதிர் முடியும். வரவில்லையென்றால் ஒன்றும் நடக்காது. முடித்துவிட்டோம் என்று நினைத்துக் கடைசிக் கட்டத்தை உடைத்து, ஒரு நொடி காத்திருந்து, இசை மாறவில்லை என்று தெரிகிற அந்த நொடி இருக்கிறதே! எங்கோ ஒரு கட்டம் தப்பு. முழுவதையும் முதலிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாள் தரும் வேதனையேதான் இது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம், அழிப்பதற்கு இங்கே ரப்பர் தேவையில்லை, கறையும் படியாது. தாளில் அனுமானத்துக்காகப் போட்ட புள்ளிகளும் அழித்த தடமும் சேர்ந்து அரை மணி நேரத்தில் கட்டமே தெரியாமல் போய்விடும். திரையில் எத்தனை முறை மாற்றினாலும் சுத்தமாக இருக்கும். தாளின் கண்டிப்பும் இயந்திரத்தின் சுத்தமும் சேர்ந்தால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது வாரியோ பக்கம். வில்லனாக வந்த ஆளிடம் இந்த வேலையைக் கொடுத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது. நல்லவர் உதவி செய்து கெடுக்கிறார், கெட்டவர் கண்டுகொள்ளாமல் விட்டு மரியாதை செய்கிறார்.

இவ்வளவு நல்ல சமாச்சாரம் ஜப்பானைத் தாண்ட பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. கேம் பாய் விளையாட்டு ஜப்பானில் நன்றாகப் போயிருந்தும் அமெரிக்காவில் விலை போகவில்லை. ஆகவே சூப்பர் ஃபேமிகாம் பதிப்பையும் 'பிக்ராஸ் 2'-வையும் நிண்டெண்டோ வெளியே அனுப்பவேயில்லை. ஜப்பானில் மட்டும் ஓட்டம் நிற்கவில்லை. 1999-லிருந்து 2000 வரை 'பிக்ராஸ் என்.பி.' என்று எட்டு தொகுதிகள் வந்தன, கடையில் போய் நிண்டெண்டோ பவர் என்ற கார்ட்ரிட்ஜில் பதிந்துகொண்டு வரும் ஏற்பாடு. சூப்பர் பிக்ராஸ் 2007-இல்தான், நிண்டெண்டோவின் வீ கருவியில் பழைய விளையாட்டுகளை விற்ற வர்ச்சுவல் கன்சோல் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 2020 செப்டம்பரில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் சேர்த்தபோதுதான் அமெரிக்கர்கள் கைக்கும் வந்தது. எனக்கும் அப்படித்தான்.

வந்தது ஜப்பானிய மொழியிலேயே. மொழிபெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை. பட்டியல்களில் எது என்ன என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துதான் வாரியோவைக் கண்டுபிடித்தேன். உள்ளே போய்விட்டால் மொழி தேவையில்லை, எண்கள்தானே. வேடிக்கை முடிவில்தான். படம் முடிந்ததும் அதன் பெயரை எழுதிக் காட்டுவார்கள். கருப்பு வெள்ளைக் கட்டங்களில் வந்த உருவத்தைப் பார்த்தால் பலசமயம் தலையா வாலா என்று புரியாது. பெயரைப் படித்தால்தான் 'ஓ' என்று தோன்றும். அந்தப் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தால் என்ன செய்வது? செல்போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து மொழிபெயர்ப்பைக் கேட்பேன். அது ஒன்று சொல்லும், படம் வேறொன்றாகத் தெரியும். பல படங்களை என்னவென்றே தெரியாமல்தான் முடித்திருக்கிறேன். முடித்ததில் குறையொன்றும் தெரியவில்லை.

படம் புரியாமலிருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். பாதியிலேயே இது பட்டாம்பூச்சி என்று தெரிந்துவிட்டால், இடது இறக்கையைப் பார்த்து வலது இறக்கையை நிரப்பிவிடத் தோன்றும். உளியைவிட மோசமான ஊகம் இது. படம் வரைந்தவருக்கும் தெரியும். அங்கங்கே ஒரு பக்கத்தை மட்டும் லேசாக மாற்றி வைத்திருப்பார், நம்பிப் போனால் மாட்டிக்கொள்வோம். மரியோ பக்கமாக இருந்தால் அங்கேயே இரண்டு நிமிடத்தைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். வாரியோ பக்கமானால் கடைசிவரை தெரியாது.

அப்புறம் வந்தவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2007-இல் 'பிக்ராஸ் டிஎஸ்' எழுத்தாணியைக் கொண்டுவந்தது. எனக்கென்னவோ பட்டன்தான் கைக்குப் பிடித்தம். ஸ்விட்சில் ஜூபிடர் வெளியிட்டுவரும் 'பிக்ராஸ் எஸ்' வரிசையில், எந்த வரிசையில் அடுத்த அடி இருக்கிறதோ அதன் எண்ணை நிறம் மாற்றிக் காட்டும் வசதி உண்டு. நல்லவேளை, அணைத்தும் வைக்கலாம். முடிக்காமல் நின்றுபோன ஒன்றும் உண்டு: கேம் பாய் கலருக்காக ஜூபிடர் செய்துவந்த போக்கிமான் பிக்ராஸ், 1999-இல் வரவேண்டியது, வரவேயில்லை. இருபது வருஷம் கழித்து 2020-இல் இணையத்தில் கசிந்தது.

ஸ்விட்ச் ஆன்லைன் பதிப்பில் இன்னொரு வசதி இருக்கிறது, சந்தாவிலுள்ள சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுகளுக்கெல்லாம் பொதுவானது: பின்னோக்கி ஓட்டுவது. இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடித்தால் கடந்துபோன நொடிகள் படச்சுருள் மாதிரி வரிசையாக வரும், வேண்டிய இடத்துக்குத் திரும்பிப் போகலாம். குதிக்கிற விளையாட்டில் பள்ளத்தில் விழுந்தவருக்காக வைத்தது. மரியோ பக்கத்தில் இது என்ன செய்யும் என்று மச்சினனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சந்தேகப்பட்ட கட்டத்தில் உளியை வைத்தான், இரண்டு நிமிடம் போனது, உடனே பின்னோக்கி ஓட்டினான். நேரம் திரும்ப வந்துவிட்டது. அங்கே கருப்பு இல்லை என்று தெரிந்துகொண்டது மட்டும் அவன் தலைக்குள் பத்திரமாக இருந்தது.

"இப்ப ஃபைனும் இல்ல மாமா," என்றான்.

2, 4, 8 என்று 1995-இல் யாரோ உட்கார்ந்து போட்ட விலைப்பட்டியல் அத்தோடு போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை, ரிமோட்டை வாங்கி வாரியோ பக்கத்தில் ஒரு பெரிய கட்டத்தைத் திறந்து அவனிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் உடைத்தான். வழக்கம்போல் நடுவில் மாட்டிக்கொண்டான். ஒரு கட்டத்தில் உளியை வைத்தான், உடைந்தது. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தான், அந்தக் கட்டம் மூடிக்கொண்டது. மறுபடி உடைத்தான். "மாமா, இது சரியா தப்பா?" என்றான்.